சல்லடைக்காரி வூட்டுக் கொசுவலை

கொசு கடிச்சதுக்கு ஒரு பொம்பள அந்த ஆட்டம் ஆடுவாளான்னு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். திரௌபதி வூட்டு வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்துகிட்டு, கையில பட்டுன்னு ஒரு அடி. அடிச்ச எடத்துல பொட்டா ரத்தம். அத அப்படியே நீட்டிக் காட்டுறாங்க ஜெயஸ்ரீ அம்மா. திரௌபதிக்கு சம்மந்தி, கடலூர்க்காரங்க.

"பாத்தீங்களா சம்மந்தியம்மா? இந்த எடத்துலதான் எங்க மருமவளப் பிரசவத்துக்கு வெச்சிருக்கப் போறீங்களா? டெங்கு கிங்கு வந்தா யாரு பதில் சொல்றது? வளகாப்பு முடிஞ்சதும் எங்க வூட்லயே வெச்சிப் பாத்துக்கறோம். ஏசி இருக்குது. கொசுன்னு பேச்சுக்குக்கூட ஒண்ணு கெடையாது."

எனக்கு வந்துது பாருங்க கோவம்! கடலூர்ல கொசுவே கெடையாதாம். கேக்கறவ கேணச்சின்னு நெனப்பு. நறுக்குன்னு நாலு வார்த்த கேக்கலாம்னு வாயத் தொறந்தேன், திரௌபதி என் கையப் புடிச்சி அழுத்தினா. பொண்ணக் குடுத்த எடம், வாய வுட்றாதக்கான்னு அர்த்தம். வாய மூடிக்கிட்டேன். எனக்கு அது எவ்ளோ கஷ்டம்னு எங்க தெருவக் கேட்டாத் தெரியும்.

என் பேரு வீரம்மாள். திரௌபதிக்கு அடுத்த வூடு. விருத்தாசலம் செராமிக் பேட்டையில ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. நான் பேக்கிங்ல பொம்மையக் காயிதத்துல சுத்திப் பொட்டியில அடுக்கறவ. அவ கிளேஸு செக்‌ஷன், பொம்மைக்குப் பளபளப்புக்குப் பூசற கலவைய வடிக்கறவ. அவ வூட்டுக்காரரு விருத்தகிரி சூளையில சரக்கு ஏத்தி எறக்கறவரு. நல்ல மனுசன், ஆனா வாயில கொழுக்கட்ட. எது சொன்னாலும் "சரி"ம்பாரு. அந்த வூட்ல பேசறது, சண்ட போடறது, முடிவு பண்றது எல்லாம் திரௌபதிதான்.

அவ நல்லூர்ப் பக்கத்துப் பொண்ணு. கல்யாணம் ஆன புதுசுல அம்மா போய்ச் சேந்துட்டாங்க. தல பிரசவத்துக்கு தாய் வூட்டுக்குக் கூப்புட ஆளில்ல. அண்ணன் பொண்டாட்டி "எங்க வூட்ல எடம் ஏது"ன்னு கைய விரிச்சிட்டாளாம். மாமியா வூட்லயே பெத்து, பச்ச ஒடம்போட எந்திரிச்சித் தண்ணி சேந்தி, அந்தத் தண்ணியத் தானே காய வெச்சி, தானே ஊத்திக்கிட்டவ இவ. அந்தக் கதைய எங்கிட்ட சொல்றப்பல்லாம் அவ அழ மாட்டா. பல்லக் கடிப்பா. "எம் பொண்ணு யுவஸ்ரீக்கு அந்தக் கெதி வரக் கூடாதுக்கா. அவ எங்கூட்லதான் கெடக்கணும். நாந்தான் தண்ணி ஊத்தணும், நாந்தான் மருந்து கிளறிக் குடுக்கணும்"பா. பொண்ணு பொறந்த நாள்லேந்து அவளுக்கு இருந்த ஒரே ஆச அதுதான். அதுல போயி மண்ணப் போட வந்தாங்க அந்த அம்மா, கையில ஒரு பொட்டு ரத்தத்தக் காட்டிக்கிட்டு.

திரௌபதி அன்னிக்கி மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வெச்சிக்கிட்டு, "வாசல் முழுக்கக் கொசுவலை அடிச்சிடறேங்க. அடுத்த தடவ வந்து பாருங்க, ஒரு கொசு இருந்தா நீங்களே பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க"ன்னா. அந்த அம்மாவும், "பாக்கலாம் பாக்கலாம்"னு கார்ல ஏறிப் போயிட்டாங்க.

வாசல்னா என்னன்னு சொல்லிடறேன். வூடு ரெண்டே ரூமு. வெயில் காலத்துல உள்ள படுக்க முடியாது, வெந்து போயிடுவோம். அதுக்காக முன்னாடி சிமெண்ட் ஷீட் எறக்கி, சிமெண்ட் தரை போட்டு வெச்சிருக்காங்க. மூணு பக்கமும் தொறந்து கெடக்கும். சித்திர வந்தா அந்தக் குடும்பத்துக்கு சமையல் தவிர எல்லாமே அங்கதான். அந்த மூணு பக்கத்துக்கும் வலை அடிக்கணும். அவ்ளோதான் வேல. அதப் போயி இவ்ளோ பெரிய வம்பா ஆக்குவான்னு யாரு கண்டா!

பாலக்கரைப் பக்கம் அமீனுதீன் பாய் கடைக்கு என்னையும் இழுத்துகிட்டுப் போனா. பாய்க்கு சொந்த ஊரு மங்கலம்பேட்டை. கல்ஃபுல ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தவரு. அங்க பெரிய பெரிய வூடுங்கள்ல நீச்சக்கொளத்தச் சுத்தியும் முற்றத்தச் சுத்தியும் வலை அடிக்கறதுதான் அவருக்கு வேல. இங்க வந்து அதே தொழிலக் கடையா போட்டிருக்காரு. கட முழுக்க ரோலு ரோலா வலை. கறுப்பு, சாம்பலு, வெள்ள, இரும்பு, ஃபைபரு. எனக்குத் தல சுத்துது.

பாய் பொறுமையாத்தான் சொன்னாரு. "எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்க்கா?"

"மேற்கால."

"அப்ப மேற்குப் பக்கத்துக்கு மட்டும் வெயில மறைக்கிற கனமான வலைய போட்டுக்குங்க. மத்த ரெண்டு பக்கமும் இந்த சாதா ஃபைபர் வலை. கொசு நுழையாத அளவுக்கு ஓட்டை இருந்தாப் போதும், அதுக்கு மேல பொடிசா வேணாம். கறுப்பே எடுங்க. வெள்ளையில கண்ணு கூசும், வெளிய ஒண்ணும் தெரியாது. நம்ம ஊரு வெயிலுக்கு முக்கியம் காத்துதான்."

திரௌபதி அவரு சொன்னதக் காதுல வாங்கினாளா? ஒவ்வொரு துண்டா எடுத்து வெளிச்சத்துக்கு நேரா புடிக்கறா, கட்ட வெரல் நகத்தால தடவறா, மூக்குக் கிட்ட கொண்டு போயி ஓட்டைய எண்றா. கம்பெனியில புது சல்லடை வந்தா அவ பண்ற அதே சேட்ட. அவ பொழப்பு அதுதானே? அரச்ச கிளேஸு வாளி வாளியா வரும். அத சல்லடையில ஊத்தித் தேச்சித் தேச்சி வடிக்கணும். ஒரு குருணை தப்பிச்சாலும் பொம்மை வெந்து வர்றப்ப மூஞ்சியில முள்ளு முள்ளா தெரியும். சல்லடைக்கு மெஷ்ஷுன்னு ஒரு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற ஓட்டை பொடிசாவும். நம்பர் ஏறினாத்தான் சரக்கு நயம். அது அவ ரத்தத்துல ஊறிப் போன கணக்கு. மொதலாளியே கிளேஸுல கோளாறுன்னா "திரௌபதியக் கூப்புடுங்க"ம்பாரு. அந்தத் திமிரு அவளுக்கு உண்டு, நான் இல்லன்னு சொல்லல.

கடைசியில ஒரு ரோலத் தட்டி, "இதுதான் நம்பர் ஒசத்தி. மூணு பக்கமும் இதையே அடிங்க"ன்னா. தொட்டுப் பாத்தா வலை மாதிரியே இல்ல, துணி மாதிரி இருந்துது.

பாய் தலையில கைய வெச்சிக்கிட்டாரு. "அக்கா, இது கடலோரத்துல கண்ணுக்குத் தெரியாத பூச்சி வருமே, அதுக்கு அடிக்கறது. கல்ஃபுல ஒரு அரபி நான் சொல்லச் சொல்லக் கேக்காம கொளத்தச் சுத்தி இதத்தான் அடிக்கச் சொன்னாரு. அடிச்சி முடிச்சதும் உள்ள மனுசன் நிக்க முடியல. அவரு பணக்காரரு, உள்ள ஏசி மாட்டிக்கிட்டாரு. நீங்க வாசலுக்கு ஏசி மாட்டுவீங்களா?"

"யோவ் பாய், எனக்கா மெஷ்ஷு சொல்லித் தர்றீங்க? நான் பாக்காத மெஷ்ஷா?"ன்னு ஒரே போடு.

நானும் சொன்னேன். "ஏன்டி, மனுசன் தொழில் தெரிஞ்சி சொல்றாரு, கேட்டாத்தான் என்ன கொறஞ்சிடுவ?" அதுக்கு அவ என்னப் பாத்த பார்வைய நீங்க பாத்திருக்கணும். "உனக்கென்னக்கா, உனக்கா சம்மந்தி வந்து கையில ரத்தத்தக் காட்டினாங்க? ஒரு கொசு உள்ள வந்துட்டா எம் பொண்ணு போயிடும்"னா. அதுக்கு மேல நான் என்ன பேச? தொலையட்டும்னு வுட்டுட்டேன்.

ஃபிட்டரு இளவழகன் வந்து அலுமினிய ஃபிரேம் போட்டு வலைய அடிச்சிக் குடுத்தான். அவன் வேலையில ஒரு கொற கெடையாது. மூல முடுக்கெல்லாம் இவ ஒக்காந்து பாத்து, "இங்க இடுக்கு இருக்குது, அங்க இடுக்கு இருக்குது"ன்னு அவன் உசுர வாங்கி ரப்பர் வெச்சி அடச்சா. பங்குனி கடைசியில வளகாப்பு முடிஞ்சி யுவஸ்ரீ வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து எறங்கினா. ஆனியில பிரசவம்னு சொல்லியிருந்தாங்க. திரௌபதி மூஞ்சியில அப்படி ஒரு பெரும. வீடியோ கால்ல சம்மந்திக்கு வாசல சுத்திச் சுத்திக் காட்டறா. அந்த அம்மாவும், "இப்பதான் வூடு மாதிரி இருக்குது"ன்னாங்க. அப்ப இவ்ளோ நாளா அது என்னவா இருந்துதாம்? மாட்டுக் கொட்டகையா? எனக்கு மறுபடியும் எரிஞ்சிது. திரௌபதி போன வெச்சிட்டு என்னப் பாத்து, "ஜெயிச்சிட்டேன்க்கா"ன்னு சிரிச்சா.

கொசு ஒண்ணுகூட வரல. நெசந்தான். காத்தும் வரல.

சித்திர பொறந்துது. கத்திரி ஆரம்பிச்சிது. எங்க பேட்டையில தூசிக்கு என்ன பஞ்சம்? களிமண்ணு ஏத்திக்கிட்டு லாரி போவும், வரும். வெள்ளத் தூசி வூடு வாசல் எல்லாம் படியும். அந்தப் பொடி ஓட்டையில தூசி போயி அடச்சிக்கிச்சி. வெரல வெச்சித் தேச்சிப் பாத்தேன், சுண்ணாம்பு மாதிரி அப்பிக்கிட்டு வருது. திரௌபதி பைப்ப எடுத்து தண்ணியப் பீச்சினா. மண்ணுமேல தண்ணி பட்டா என்ன ஆவும்? சேறு. அது காஞ்சி இன்னும் கெட்டியா புடிச்சிக்கிச்சி.

எனக்கு அங்கதான் ஆத்திரம் தாங்கல. "ஏன்டி பாவி, கம்பெனியில சல்லடை அடச்சிக்கிச்சின்னா என்ன பண்ணுவ? ஒவ்வொரு வாளிக்கும் தட்டிக் கழுவறவ தானே நீ? பொடி சல்லடைதான் சீக்கிரம் அடைக்கும்னு எனக்குச் சொன்னதே நீதானேடி!"

"அது வேற, இது வேற"ன்னா.

என்ன வேற? ஓட்டைன்னா ஓட்டைதானே? அந்தப் பொண்ணு உள்ள ஒக்காந்துகிட்டு வேர்த்து ஒழுவுது. கழுத்து, முதுவு, மார்பு எல்லாம் வேர்க்குரு. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. ஃபேனு மேல சுத்துது, ஷீட்டுல காஞ்ச அனலத்தான் எறக்குது. "அம்மா, கதவத் தொறந்து வையேம்மா"ன்னு கேட்டா, "ஐயோ, வேணாம், கொசு பூந்துடும், உங்க மாமியா கேக்கும்"பா. திருஷ்டி பட்டுடுச்சின்னு மொளகா சுத்திப் போட்டா. ஷீட்டு மேல தென்ன ஓலையப் பரப்பினா. புது டேபிள் ஃபேனு வாங்கியாந்தா. எல்லாத்தையும் பண்ணினா. வலையில மட்டும் கைய வெக்கல. விருத்தகிரிகிட்ட போயி, "நீயாவது அத அவுத்துத் தொலையேன்யா"ன்னேன். அவரு எனக்கும் "சரி"ன்னாரு. அவ்ளோதான்.

வைகாசி மொத வாரம், உச்சி வெயிலு, கரண்டு போயிடுச்சி. எனக்கு அன்னிக்கி லீவு. வெளியில துணி ஒணத்திக்கிட்டு இருந்தேன். தொம்முன்னு ஒரு சத்தம். ஓடிப் போயிப் பாத்தா யுவஸ்ரீ தரையில கெடக்குது. ஒடம்பு அடுப்பா கொதிக்குது, கண்ணு மேல சொருகிக்கிச்சி. திரௌபதி அடுப்பங்கரையிலேந்து ஓடியாந்து, "ஐயோ என் தங்கமே"ன்னு பொண்ண மடியில போட்டுக்கிட்டு, முந்தானையால விசிறிக்கிட்டே கத்தறா. அப்பவும் கதவச் சாத்திட்டுத்தான் விசுறினா பாருங்க! நான் கதவ ஒரு ஒத ஒதச்சித் தொறந்தேன். ஆட்டோ புடிச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம்.

சாமி புண்ணியம், புள்ளைக்கு ஒண்ணும் ஆவல. பொண்ணுக்கும் குளுக்கோசு ஏத்தினதுல தெளிஞ்சிட்டா. டாக்டரம்மா, "வெயில் தாக்கம். நல்லா காத்தோட்டமான எடத்துல வெச்சிருங்க"ன்னு சொல்லி மறுநாளே அனுப்பிட்டாங்க. காத்தோட்டமான எடம்! அதக் கேட்டுட்டு திரௌபதி தலையக் குனிஞ்சிக்கிட்டா.

வூட்டுக்கு வந்து எறங்கறோம், வாசல்ல காரு நிக்குது. ஜெயஸ்ரீ அம்மா. சேதி கேட்டு மருமவளக் கூட்டிக்கிட்டுப் போவ வந்துட்டாங்க. நாங்க உள்ள நொழையறதுக்குள்ள, "நான் அன்னிக்கே சொன்னேன்ல? பாத்துக்க வக்கில்லாதவங்க எதுக்கு வாயிச் சவடால் வுடணும்? புள்ளைக்கு எதாச்சும் ஆயிருந்தா?"

அவ்ளோதான், என் வாய இதுக்கு மேல எவளாலயும் புடிக்க முடியாது. "ஏம்மா, கொசு இருந்தா பொண்ண வுட மாட்டேன்னு அடம் புடிச்சது யாரு? வீடியோவுல பாத்து பல்ல இளிச்சது யாரு? நீங்க போட்ட ஆட்டத்துக்குத்தானே இவ இப்படிப் பைத்தியமா அலைஞ்சா? இப்ப வந்து வக்கு இருக்குதா இல்லையான்னு கேக்க வந்துட்டீங்க!"

"நான் கொசு கடிக்குதுன்னுதான் சொன்னேன், மூச்சு முட்ட வலை அடிக்கச் சொன்னேனா?"

"வூடு என் வூடு, பொண்ணு நான் பெத்த பொண்ணு. இவ இங்கதான் இருப்பா, இங்கதான் பெத்துக்குவா. யாரு தடுக்கறான்னு பாக்கறேன்"னு திரௌபதி முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டு நடுவுல வந்து நின்னா. தெருவே கூடிப் போச்சி. மூணு பேரும் மாறி மாறிக் கத்தறோம். அந்தப் பொண்ணு நிக்குதா, ஒக்காந்திருக்குதான்னு ஒருத்தரும் பாக்கல.

"போதும் நிறுத்துங்க!"

யுவஸ்ரீதான். கதவ ஒரு கையால புடிச்சிக்கிட்டு நின்னா. அவ சத்தமா பேசி நான் கேட்டதே இல்ல. கையிலெல்லாம் ஊசி குத்தின பிளாஸ்டரு.

"அத்த, நீங்க கொசுவப் பத்திக் கேட்டீங்க. அம்மா, நீ அத்த வாய அடைக்கறதுக்கு வலை அடிச்ச. உங்க ரெண்டு பேரு சண்டையில உள்ள கெடந்தது நானு. 'உனக்குக் காத்து வருதா, உனக்கு எப்படி இருக்குது, உனக்கு எங்க இருக்கணும்'னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, யாராவது கேட்டீங்களா? நான் கதவத் தொறக்கச் சொல்லி எத்தன தடவ அழுதேன்மா? நீ கேட்டியா?"

ஜெயஸ்ரீ அம்மா கார்ச் சாவியக் கையில உருட்டிக்கிட்டு வேற பக்கம் பாத்தாங்க. திரௌபதி சொருகின முந்தானைய அவுத்து வுட்டா.

"சரிம்மா. எந்தப்புதான். இப்ப கேக்கறேன். உனக்கு எங்க இருக்கணும்?"

யுவஸ்ரீ அந்த வெள்ளையா அடச்சிப் போன வலையவே பாத்தா. கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சி. "நான் கடலூருக்குப் போறேம்மா"ன்னா.

அடிப்பாவி மவளே, ஒரு வார்த்த மாத்திச் சொல்லக் கூடாதான்னு இருந்துது. அந்தம்மா மேல கோவம், திரௌபதி மேல கோவம், அந்த வலை மேல கோவம், அந்தப் பொண்ணு மேல மட்டும் கோவப்பட முடியல. அவ சொன்னதுல என்ன தப்பு இருக்குது?

திரௌபதி அழல. பல்லையும் கடிக்கல. உள்ள போயி பொண்ணு துணியெல்லாம் மடிச்சிப் பையில வெச்சா. சீக்கா, மஞ்சளு, பிரசவ மருந்துக்கு அரச்சி வெச்சிருந்த பொடி எல்லாத்தையும் எடுத்து வெச்சா. வெளிய வர்றப்ப கையில ரெண்டு பை இருந்துது. வூட்டுச் சாவிய என் கையில குடுத்து, "வீரம்மாக்கா, இளவழகனக் கூப்புட்டு இத அத்தனையும் கழட்டச் சொல்லு. பாய்கிட்ட போயி, அவரு சொன்னதையே அடிக்கச் சொல்லு. கம்பெனியில நான் லீவுன்னு சொல்லிடு. சூளையிலேந்து அவரு வந்தா சாவியக் குடுத்துடு"ன்னா.

எனக்கு அப்பதான் ஒறச்சிது. ரெண்டாவது பையில இருக்கறது அவ துணி. "ஏன்டி, பொண்ணுக் குடுத்த வூட்ல போயா தங்கப் போற? நாலு பேரு என்ன பேசுவாங்க? அந்தம்மா சொல்லிச் சொல்லிக் காட்டுமேடி!"

"காட்டட்டும்க்கா."

அதுக்குள்ள ஜெயஸ்ரீ அம்மாவுக்கும் வெளங்கிடுச்சி. "சம்மந்தியம்மா, நீங்க எதுக்கு... எங்க வூட்ல அதெல்லாம் வழக்கமில்லையே..."ன்னு இழுத்தாங்க. சம்மந்தி வூட்ல கை நனைக்கவே யோசிக்கறவ திரௌபதி. ஒரு நாளு தங்கினதில்ல, ஒரு வாய் சோத்துக்கு மேல தின்னதில்ல. அந்தம்மா சொன்னத அவ காதுல போட்டுக்கவே இல்ல. யுவஸ்ரீ பின் சீட்டுல ஒக்காந்திருந்தா. திரௌபதி அந்தப் பக்கத்துக் கதவாண்ட போயி, ரெண்டு பையையும் கீழ வெச்சிட்டு, குனிஞ்சி கேட்டா.

"நானும் வரட்டுமாம்மா? வேணாம்னா வரல."

யுவஸ்ரீ மொறச்ச மூஞ்சி மொறச்சபடியே, வயித்தப் புடிச்சிக்கிட்டு நகுந்து ஒக்காந்து, அம்மாவுக்கு எடம் வுட்டா.